தக்கணத்துக் கிணறுகள் தந்த படிகங்கள்

உத்தியோகத்தின் பொருட்டுப் பூனா நகருக்கு வந்து குடியேறிய தமிழ் மக்கள், வாடகை வீட்டை விட்டுச் சொந்த மனையில் வீடு கட்டத் தொடங்கும்பொழுதுதான் இந்நாட்டு மண்ணோடு நேர்முகமாக அறிமுகம் பெறுகின்றனர். கடைகால் தோண்டுவோர் முதலில் கரிசல் மண்ணை அள்ளுகின்றனர். அதன்கீழ் ‘முரும்’ என்று மராட்டியர் வழங்கும் உளுத்த கல் வருகிறது. அதற்கும் கீழே, கடப்பாரை பட்டால் கணீரென்று ஒலிக்கும் கரும்பாறை. அப்பாறையை உடைத்துப் பார்த்தால், எள்ளுருண்டையில் அங்கங்கே பொரி கலந்தாற்போல் வெண்மணிகள் பதிந்திருக்கும். சில இடங்களில் அம்மணி மிளகளவு. சில இடங்களில் நெல்லிக்காய் அளவு. அரிதாக, ஓர் ஆள் தலையை நுழைத்துப் பார்க்கத்தக்க பொந்தே இருப்பதும் உண்டு. அத்தகைய பொந்தின் உட்புறம் முழுவதும், தேர்ந்த தட்டான் ஒருவன் பட்டை தீட்டிப் பதித்தாற்போன்று படிகங்கள் நெருங்கி நின்று ஒளி வீசும்.

நம்மவருள் பலர் அவற்றைச் சுண்ணாம்பு என்று எண்ணிக் குழி நிரப்பப் போட்டுவிடுகின்றனர். அந்தச் ‘சுண்ணாம்பு’க்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. உலகத்தின் பெரிய பொருட்காட்சிச்சாலைகளில் கனிமங்கள் வைத்திருக்கும் கூடத்திற்குச் சென்றால், கண்ணாடிப் பெட்டிக்குள்ளே ‘பூனா, இந்தியா’ என்று எழுதிய சீட்டைக் காணலாம். ஆயினும் அச்சரித்திரத்தில் ஒரு பெருங்குறை உண்டு. கல்லின் பெயர் இருக்கிறது. பெயர் சூட்டிய அறிஞரின் பெயர் இருக்கிறது. எந்த நிலத்தில், எந்தக் கிணற்றில், எத்தனை அடி ஆழத்தில், எவர் கையால் அது வெளிவந்தது என்னும் செய்தி மட்டும் பெரும்பாலும் இல்லை. அக்குறை எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இற்றைக்கு ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், இப்பகுதியில் நிலம் பிளந்து எரிகுழம்பு வெள்ளமெனப் பெருகிற்று. கூம்பு வடிவமான ஒற்றை எரிமலை கக்கியதன்று அது. நீண்ட வெடிப்புகளின் வழியே மீண்டும் மீண்டும் பொங்கிப் படலம் படலமாகப் பரவியது. இன்று எஞ்சியிருக்கும் பகுதியே சுமார் 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இப்படலங்கள் அரிப்புண்டு மலைகளாக நிற்கும்பொழுது படிக்கட்டு வைத்தாற்போல் தோன்றுகின்றன. சிங்ககட் மலையைத் தொலைவில் நின்று பார்த்தவர்க்கு இது விளக்க வேண்டாதது. படிக்கட்டு என்று பொருள்படும் ஸ்வீடன் நாட்டுச் சொல்லினின்றே ‘டிராப்’ என்னும் பெயர் இப்பாறைக்கு வந்தது.

கொதிக்கும் பாலின் மேல் நுரை எழுவது போல, குழம்பிலிருந்த ஆவிகள் குமிழ்களாக மேலெழுந்து, ஒவ்வொரு படலத்தின் மேற்பகுதியிலும் சிக்கிக்கொண்டன. குழம்பு உறைந்தது, குமிழ்கள் இருந்த இடம் வெறும் பொந்தாயிற்று. பிற்காலத்தில் வெந்நீரும் நிலத்தடி நீரும் பாறையின் ஊடே கசிந்து, அதிலிருந்த சிலிக்கா, கால்சியம், அலுமினியம் முதலியவற்றைக் கரைத்துக் கொணர்ந்து, பொந்துக்குள் சிறுகச் சிறுகப் படியவைத்தன. அவசரமில்லாமல், தடையில்லாத வெற்றிடத்தில் வளர்ந்தமையால்தான் அப்படிகங்களுக்கு அத்துணை அழகிய முகங்கள் அமைந்தன. சிறு பொந்துகள் நிரம்பிவிட்டபொழுது அவை வாதுமைப் பருப்பின் வடிவைப் பெற்றன. கிரேக்க மொழியில் வாதுமையைக் குறிக்கும் சொல்லையே இத்தகைய பாறைக்குப் புவியியலார் பெயராக இட்டனர்.

குமிழ் நிறைந்த இந்த மேற்படலமே எளிதில் உளுத்துப்போவது. உளுத்த இடத்தில் நீர் தங்குகிறது. குமிழ் இல்லாத அடிப்பாறையிலோ வெடிப்பு இருந்தாலன்றி நீர் ஊறுவதில்லை. ஆகவே தக்கணத்தில் கிணறு வெட்டுவோர் தேடுகின்ற படலமும், படிகம் வளர்ந்த படலமும் பல இடங்களில் ஒன்றே. நீருக்காகத் தோண்டியவன் கையில் படிகம் அகப்பட்டது தற்செயலன்று.

மராட்டிய நாட்டில் ‘விஹீர்’ எனப்படும் பெருங்கிணற்றை வெட்டுவதில் வல்லவர்கள் வடார் வகுப்பினர். கல்லுடைத்தல், மண்வேலை, கிணறு வெட்டுதல் ஆகியவை தலைமுறை தலைமுறையாக அவர்கள் தொழில். தமிழ்நாட்டில் ஒட்டர் என்றும் போயர் என்றும் அறியப்படும் பெருங்குழுவினரின் உறவினரே இவர்கள். வீட்டில் தெலுங்கைச் சார்ந்த மொழி பேசுவர். நம் ஊர்க் கிணற்றை வெட்டியவரின் உறவினரே இவ்வூர்க் கிணற்றையும் வெட்டினர் என்பது, அயலூர் வந்து வாழும் நமக்கு நினைக்க இனிப்பான செய்தி. பாறையில் துளையிட்டு மருந்து வைத்துத் தகர்ப்பதை இங்கே ‘சுருங்’ என்பர். மருந்து வெடித்த மறுநாள் காலையில் கிணற்றுக்குள் முதலில் இறங்குபவர் அவர்தாம். பொந்துக்குள் முதன்முதல் சூரிய ஒளி படுவதைக் கண்டவரும் அவர்தாம். கனிம நூல்களில் அவர் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது.

பண்டைக்காலத்தில் இப்பாறை தந்த கற்களுள் உலகம் விரும்பியவை வேறு. பொந்துகளில் படிந்த சிலிக்காவின் ஒரு பகுதி அகேட் என்றும், செந்நிறம் பெற்றபொழுது சூதுபவளம் என்றும் வழங்கும் உறுதியான கற்களாயிற்று. பாறை கரைந்தாலும் அவை கரைவதில்லை. ஆற்றுப் படுகைகளில் கூழாங்கற்களாக உருண்டு கிடக்கும். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் நூல், பைத்தானிலிருந்து ஓனிக்ஸ் கற்கள் வண்டிகளில் ஏற்றப்பட்டு, இருபது நாள் வழி கடந்து, பரிகஜா எனப்பட்ட புரோச் துறைமுகத்தை அடைந்ததைக் குறிக்கிறது. நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள நம் கொடுமணலில் 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழாய்வு நடத்தியபொழுது, மணி செய்யும் தொழிற்கூடத்தின் எச்சங்கள் வெளிப்பட்டன. பெரில், ஸ்படிகம் முதலியவை கொங்கு நாட்டிலேயே கிடைப்பவை. சூதுபவளமும் அகேட்டும் மராட்டியம், குசராத்துப் பகுதிகளிலிருந்து சென்றவை என்று ஆய்வாளர் கருதுகின்றனர். பதிற்றுப்பத்தில் கூறப்படும் கொடுமணம் என்னும் ஊர் இதுவே என்பர். தமிழர் வேலை தேடி இந்நாட்டுக்கு வருவதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்நாட்டுக் கல் வேலைக்காகத் தமிழகம் சென்றது போலும்!

ஆனால் வெண்படிகங்களை அக்காலத்தவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. காரணம் எளிது. மணி துளைப்பவனுக்கு வேண்டியது உறுதி. இவையோ மெல்லியவை; துளையிட்டால் உடையும், தேய்த்தால் பிளக்கும். அழகு மட்டும் உடைய பொருளுக்கு, அறிவை நாடிச் சேர்ப்பவர் தோன்றும் வரையில் மதிப்பு இல்லை.

அவ்வாறு சேர்ப்பவர் ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் தோன்றினர். 1756-இல் கிரான்ஸ்டெட் என்னும் ஸ்வீடன் நாட்டு அறிஞர், ஒரு வகைக் கல்லை ஊதுகுழல் சுடரில் காட்டியபொழுது அது நுரைத்துக் கொதிப்பதைக் கண்டு, ‘கொதிக்கும் கல்’ என்று பொருள்படும் ஜியோலைட் என்னும் பெயரை இட்டார். கல்லுக்குள் சிறைப்பட்டிருந்த நீரே அவ்வாறு ஆவியாக வெளியேறியது. இக்கல்லின் வியத்தகு பண்பு, நீரை விட்ட பின்னும் உருக்குலையாமல் நின்று, வாய்ப்புக் கிடைத்தால் மீண்டும் நீரை ஏற்றுக்கொள்வது. இன்று தொழிற்சாலைகளில் செயற்கையாக ஜியோலைட் செய்து, கடினநீரை மென்னீராக்கவும் சலவைத்தூளில் கலக்கவும் பயன்படுத்துகின்றனர். 1806-இல் பிரெஞ்சு அறிஞர் ஹாவ்ய், சூடாக்கினால் ஏடு ஏடாக உரியும் மற்றொரு படிகத்திற்கு ‘இலை உதிர்ப்பது’ என்னும் கருத்தில் அபோபிலைட் என்று பெயரிட்டார். ஜியோலைட் குடும்பத்தைச் சேராவிடினும், தக்கணத்துப் பொந்துகளில் அக்குடும்பத்தோடு கூடி வாழ்வது அது.

கும்பினியார் ஆட்சி பூனாவில் 1818-இல் நிலைபெற்றது. சில ஆண்டுகளில் சைக்ஸ் என்னும் இராணுவ அதிகாரி, பம்பாய் அரசாங்கத்தின் புள்ளிவிவர அதிகாரியாக நியமனம் பெற்றுத் தக்கணம் முழுவதும் சுற்றி, பறவை, மீன், பயிர், மக்கள்தொகை ஆகியவற்றோடு பாறைகளையும் ஆராய்ந்து எழுதினார். அக்காலத்தே பூனாக் கற்கள் இலண்டனை அடையத் தொடங்கிவிட்டன. 1831-இல் புரூக் என்னும் ஆங்கிலேயர், நார் போன்ற ஒரு வெண்படிகத்தைப் புதிய கனிமமாகக் கருதி, அதற்குப் ‘பூனாலைட்’ என்று நம் ஊரின் பெயரையே சூட்டினார். அப்பெயர் நிலைக்கவில்லை. அது முன்னரே வேறு பெயர் பெற்றிருந்த கனிமமே எனப் பின்வந்தோர் காட்டினர். கனிமப் பட்டியலிலிருந்து பூனாவின் பெயர் நீங்கிற்று. அதே புரூக் 1822-இல் ஹூலண்ட் என்னும் கனிம வணிகரின் பெயரால் ஹூலண்டைட் என்று அழைத்த கனிமம் இன்றும் அப்பெயரோடு வாழ்கிறது. பூனாக் கிணறுகளிலும் ஏராளமாகக் கிடைக்கிறது. ஊரின் பெயர் அழிந்து வணிகரின் பெயர் நிலைத்தது! விஞ்ஞானத்தின் விதி அது. அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. எனினும் சிறிது வருத்தம் தோன்றத்தான் செய்கிறது.

பெருந்தொகையாகப் படிகங்கள் வெளிவந்தது புகைவண்டியின் வரவால். பம்பாயையும் பூனாவையும் இணைக்கும் பாதை போர்காட் மலைச்சரிவில் 15 மைலுக்குச் சற்று மிகுந்த தொலைவில் 1,831 அடி ஏறவேண்டியிருந்தது. 1856-இல் தொடங்கிய வேலை 1863-இல் முடிந்தது. இருபத்தைந்து குகைவழிகள், மலையைக் குடைந்து வெட்டப்பட்டன. 1861-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே உழைத்தவர் தொகை 42,000-ஐத் தாண்டியது என்பர். வாந்திபேதியும் காய்ச்சலும் வெடிவிபத்தும் அவர்களுள் பல்லாயிரவரைக் கொண்டுபோயின. ஒப்பந்தக்காரராக 1859-இல் வந்த சாலமன் டிரெட்வெல் என்பவரே, வந்த சில நாட்களில் நோய்ப்பட்டு மாண்டார். அவருடைய மனைவியார் ஆலிஸ் டிரெட்வெல், ஒப்பந்தத்தைத் தாமே ஏற்று, பொறியாளர்களைக் கொண்டு வேலையை நிறைவேற்றினார். ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட தொழிலில் அந்நாளில் ஒரு பெண்மணி காட்டிய துணிவு வியக்கத்தக்கது.

அக்குகைகளைக் குடையும்பொழுது அகப்பட்ட பச்சை அபோபிலைட்டும், பிச்சிப்பூ நிறத்து ஸ்டில்பைட்டும், ஊசிக்கொத்துப் போன்ற ஸ்கோலிசைட்டும் பொறியாளர் கைவழியே மேல்நாடு சென்றன. இன்றும் அவை அங்குள்ள பொருட்காட்சிச்சாலைகளில் உள்ளன. சீட்டில் ‘போர்காட்’ என்றோ, ‘பூனா’ என்றோ மட்டும் இருக்கும். இருபத்தைந்து குகைகளில் எது? வாயிலருகிலா, நடுவிலா? எப்படலம்? கேட்டறிய ஆளில்லை. அக்குகைகள் வழியே பம்பாய் சென்று மீளும் நம் அன்பர்கள், தம் இருமருங்கிலும் அப்பொந்துகளின் மீதிப் பாதி இருட்டில் நின்றுகொண்டிருப்பதை அறியமாட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இத்துறையில் சொல்லத்தக்க மாற்றம் மிகுதியாக இல்லை. நாடு விடுதலை பெற்றபின் நகரங்கள் பெருத்தன. கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் சல்லிக்கல் வேண்டியிருந்தது. பூனாவைச் சூழ்ந்து கல்வெட்டும் குழிகள் பல தோன்றின. 1972-73-இல் மராட்டியத்தை வாட்டிய கடும் வறட்சியோ, நீருக்காக நிலத்தை ஆழத் தோண்டும் தேவையை ஊரெங்கும் உணர்த்திற்று. ஜல்காவ், நாசிக் முதலிய மாவட்டங்களிலும் படிகங்கள் வெளிப்பட்டன. வெளிநாட்டு வணிகர் வந்து கூடை கூடையாக வாங்கினர். 1976-இல் ராக் கரியர் என்னும் அமெரிக்கர், இப்படிகங்கள் எவ்வாறு எடுக்கப்படுகின்றன என்பதைத் தம் நாட்டுக் கனிம இதழொன்றில் விரிவாக எழுதினார். 2003-இல் அதே இதழில் ஓட்டன்ஸ் என்னும் ஜெர்மானியர் தக்கணக் கனிமங்கள் அனைத்தையும் தொகுத்துரைத்தார். கிடைத்த இடங்களை ஊர் ஊராகக் குறிக்க முயன்ற அளவில் இவர்கள் பணி பாராட்டுக்குரியது.

பூனாவின் பெயரை மீண்டும் உலகறியச் செய்தது ஒரு நீலக்கல். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஓர் அணையருகே மிகச் சிறு துணுக்குகளாகக் கிடைத்த நீலக் கனிமமொன்றை ஆராய்ந்து, 1973-இல் அறிஞர் மூவர் உலகுக்கு அறிவித்தனர். அதில் அடங்கிய கால்சியம், வனேடியம், சிலிக்கான் என்னும் மூன்றின் முதலெழுத்துகளைக் கோத்துக் கவன்சைட் என்று பெயரிட்டனர். ஓரிகனில் அது உருப்பெருக்கியில் பார்க்கவேண்டிய அளவினது. அதே கனிமம், பூனாவின் கிழக்கே நகர் சாலையிலுள்ள வாகோலி ஊர்க் கல்குழியிலும் இருப்பது 1970-களில் தெரியவந்தது. 1980-களின் இறுதியில் பெருமளவில் வெளிப்பட்டது. வெண்ணிற ஸ்டில்பைட் படுக்கையின் மேல், சங்குப்பூவைச் சுருட்டி வைத்தாற்போல் நீல உருண்டைகள்! உலகில் வேறெங்கும் இத்துணை அழகாக அது கிடைத்ததில்லை. சல்லி உடைக்கும் ஆலையின் வாயில் அதற்கு முன் எத்தனை நீல உருண்டைகள் அரைபட்டுப் பூனாவின் சாலைகளில் தாராயினவோ, கணக்கில்லை.

கிணற்றுக்கு இணையற்ற எடுத்துக்காட்டு ராஹுரி. இப்பொழுது அகில்யாநகர் எனப் பெயர் மாறிய அகமதுநகர் மாவட்டத்தில், ராஹுரி அருகே மோமின் ஆக்காடா என்னும் சிற்றூரில், 2001-இல் கிணறு வெட்டும்பொழுது ஒரு பொந்து திறந்தது. உள்ளே இளம்பச்சை அபோபிலைட் பந்து பந்தாகத் திரண்டிருந்தது. எத்திசையில் திருப்பினாலும் மின்னியமையால், நடனக் கூடங்களில் தொங்கும் கண்ணாடி உருண்டையின் பெயரையே மேல்நாட்டார் அதற்கு இட்டனர். இப்பச்சைக்கும் வாகோலி நீலத்துக்கும் காரணம் வனேடியம் என்னும் ஒரே உலோகம் என்பது குறிப்பிடத்தக்கது. ராஹுரிக் கற்களுக்கு ஊர் தெரியும், ஆண்டு தெரியும், கிணறு தெரியும். அதனால்தான் அவை பற்றிப் பேச முடிகிறது.

இனி, தம் மனையில் கிடைத்த கல்லை இன்னதென்று அறிவது எப்படி? ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பேனாக்கத்தி, பழைய செப்புக்காசு, உடைந்த கண்ணாடித் துண்டு, எலுமிச்சம்பழம் ஆகியவை முதற்கட்டத்துக்குப் போதும். 1812-இல் மோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கற்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். நகத்துக்கு அதில் இரண்டரை, செப்புக்காசுக்கு மூன்று, கத்திக்கும் கண்ணாடிக்கும் ஏறத்தாழ ஐந்தரை. கிடைத்த படிகம் கண்ணாடியை ஆழமாகக் கீறினால் அது பெரும்பாலும் ஸ்படிகம். ஆறுபட்டைத் தூணும் கூரிய முடியும் அதன் உருவம். செவ்வூதா நிறம் பெற்றால் செவ்வந்திக்கல் என்போம். கத்தியால் எளிதில் கீறுண்டு, உடைத்தால் சாய்ந்த செங்கல் போன்ற துண்டுகளாகப் பிளந்து, ஓரத்துத் துணுக்கில் எலுமிச்சைச் சாறு விட்டால் மெல்ல நுரைப்பது கால்சைட். நம்மவர் சுண்ணாம்பு என்று சொல்வது இந்த ஒன்றுக்கு மட்டும் ஓரளவு பொருந்தும். நான்கு பட்டையுடைய சதுரத் தூணாக நின்று, மேல்முகம் மட்டும் முத்துப்போல் ஒளிர்ந்து, குறுக்கே தட்டையாகப் பிளப்பது அபோபிலைட். நெற்கதிர்க்கட்டை நடுவில் இறுகப் பிணைத்தாற்போல் இருபுறமும் விரிவது ஸ்டில்பைட். சவப்பெட்டி வடிவினது ஹூலண்டைட். உவமை மங்கலமாக இல்லை, ஆயினும் நூல்களில் அதுவே வழக்கு. துடைப்பக் குச்சிகளை ஒருமுனையில் கட்டியது போன்ற வெண்ணூசிக் கொத்து ஸ்கோலிசைட். சுடரில் காட்டினால் புழுப்போல் சுருளும், பெயரின் பொருளும் அதுவே. இலவம்பஞ்சு உருண்டை போன்றது ஓக்கனைட். அதை மட்டும் விரலால் தொடலாகாது. ஒருமுறை அமுங்கினால் மீண்டும் எழாது.

கழுவுவதற்கு நீரும் மென்மையான தூரிகையும் போதும். கறை போகவேண்டும் என்று அமிலம் ஊற்றுவோர், ஜியோலைட்டுகளுள் பல அமிலத்தில் கரைந்து கூழாகிவிடுவதை அறியாதவர். கடைகளில் வாங்குவோர்க்கும் ஒரு சொல்: ஊதா, இளஞ்சிவப்பு ஓக்கனைட் என்று விற்கப்படுபவை சாயமேற்றியவை, நீலக் கவன்சைட்டைப் பசைகொண்டு வேறு கல்லில் ஒட்டி விற்பதும் உண்டு. உண்மையான கற்கள் எப்படியிருக்கும் என்று கண்டறிய விரும்புவோர், நாசிக் சாலையில் சின்னரிலுள்ள கார்கோட்டிப் பொருட்காட்சிச்சாலைக்கு ஒருமுறை சென்று வரலாம். குழந்தைகளையும் அழைத்துச் செல்லுதல் நலம்.

கிடைத்த கல் யாருக்குச் சொந்தம் என்னும் ஐயம் பலர்க்கு எழுகிறது. பட்டா நம்முடையது, கல்லும் நம்முடையது என்று எண்ணுவது இயல்பு. கேரளத்து மலபார் நிலங்கள் பற்றிய வழக்கொன்றில் 2013-இல் உச்சநீதிமன்றம், சட்டத்தினால் பறிக்கப்படாத வரையில் நிலத்துக்கு உரியவரே அடியிலுள்ள கனிமத்துக்கும் உரியவர் என்று தீர்ப்பளித்தது. ஆனால் மராட்டிய நிலவருவாய்ச் சட்டம், 1966, தன் 48-ஆம் பிரிவில், நிலத்தின் மேலோ கீழோ எங்குக் காணப்படினும் கனிமங்களின் உரிமையை மாநில அரசுக்கே ஒதுக்கிவைக்கிறது. ஆகவே இங்கே விற்பனைக்காகத் தோண்டுதல் உரிமமின்றிச் செய்யத்தக்கதன்று. அதிகாரிகளைக் கலந்துகொள்ளாமல் வணிகத்தில் இறங்குதல் கூடாது.

நிலத்தின் உரிமையை விட எளிதில் கைநழுவுவது நிலத்தின் குறிப்பு. வாகோலி முதலிய இருபத்து மூன்று ஊர்கள் 2021-இல் பூனா மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. வயல் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. ஒரு கட்டடம் எழும்பொழுது முப்பது நாற்பது அடி ஆழத்துக்குப் பாறை வெட்டப்படுகிறது. சில வாரங்கள் படலங்கள் ஏட்டுச்சுவடி விரித்தாற்போல் வெயிலில் நிற்கும். பிறகு கான்கிரீட் மூடிவிடும். அந்தச் சில வாரங்களில் எவரேனும் ஒரு தாளில் எழுதினாலன்றி அச்செய்தி எக்காலத்தும் கிடைக்காது.

நகரின் கிழக்கே மனை வாங்கிக் கிணறு வெட்டிய தமிழ்க் குடும்பம் ஒன்றை யான் அறிவேன். வெடித்த பாறையோடு வந்த பச்சைக் கற்களை அவ்வீட்டு அம்மையார் நவராத்திரிக் கொலுவில் கயிலாய மலையாக அமைத்தார். கொலு முடிந்ததும், பொம்மைகளுக்குச் செய்வது போலவே ஒவ்வொரு கல்லையும் பழந்துணியில் சுற்றி, ஒரு துண்டுத்தாள் இணைத்து, பெட்டியில் அடுக்கினார். தாளில் அவர் கைப்பட எழுதியது: நாள், ‘கிழக்குச் சுவர், முப்பத்திரண்டு அடி, தண்ணீர் வந்த இடத்துக்குச் சற்று மேலே’, கல்லை எடுத்துக் கொடுத்த வடார்ப் பெரியவரின் பெயர். அடுத்த ஆண்டுக் கொலுவுக்கு வந்த புவியியல் ஆசிரியர் ஒருவர், கயிலாயத்தை வணங்கியபின், அத்தாள்களை ஒவ்வொன்றாக வாங்கிப் படித்துத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கற்களைக் கேட்கவில்லை. அம்மனைக்கு மாநகராட்சிக் குழாய் வந்தபின் கிணற்றின் மேல் பலகைக் கல் பரப்பி மூடிவிட்டனர். பெட்டி இன்றும் பரணில் இருக்கிறது. தாள்களும் அதனுள்ளேயே உள்ளன.